களிம்புக்கு எந்தக் களிம்பு?

பர்மாவில் முடோனிலிருந்து மோல்மேனுக்குத் தினமும் போய்வரும் 125 சிசி வண்டி. மழை பிடித்ததும் விளக்கு மங்குகிறது, செல்ஃப் இழுக்கவில்லை, சில நாள் ஓட்டத்திலேயே அணைந்து கால்மணி நேரம் கழித்து ஒன்றும் நடக்காதது போல எடுக்கிறது. பாட்டரியும், அதற்குச் சார்ஜ் கொடுக்கும் ரெக்டிஃபையரும் மாற்றியாகிவிட்டது. வயர்களை இணைக்கும் பிளாஸ்டிக் கப்ளரைக் கழற்றிப் பார்த்தால் உள்ளே பச்சை. எல்லாக் கப்ளரிலும் கிரீஸை நிரப்பி மூடிவிடலாமா, எந்த கிரீஸ் நல்லது என்று கேட்டிருக்கிறீர்கள். கிரீஸ் பற்றிய கேள்வி போலத் தெரிந்தாலும், உங்கள் மனத்தில் இருப்பது வேறு என்று நினைக்கிறேன். இரண்டு பாகங்களுக்குக் காசு கொடுத்தும் கோளாறு போகவில்லையே, அது எங்கேதான் ஒளிந்திருக்கிறது என்பதே அது. அதைக் கண்டுபிடிக்காமல் கிரீஸ் பூசினால், கோளாற்றையும் சேர்த்துப் பத்திரப்படுத்தியதாகிவிடும்.

மோல்மேனில் இருபத்தாறு ஆண்டுகளாக மோட்டார் சைக்கிள் வயரிங் வேலை பார்த்துவருகிறேன். எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்த சயா (பர்மியில் ஆசான்) மொன் இனத்துப் பெரியவர். முதல் ஓராண்டு கப்ளரைக் கழற்றித் துடைத்து மாட்டுவதைத் தவிர வேறு எதையும் அவர் தொட விடவில்லை. அப்போது எரிச்சலாக இருந்தது. இன்று 'கரண்ட் கோளாறு' என்று கடைக்குத் தள்ளிக்கொண்டு வரும் வண்டிகளில் பெரும்பாலானவை அந்த ஓராண்டுப் பாடத்திலேயே முடிந்துவிடுகின்றன. உங்கள் வண்டியை நான் தொட்டுப் பார்க்கவில்லை. ஆகவே கீழே எழுதுவதில் எது எல்லா வண்டிக்கும் பொருந்தும், எது என் ஊகம் என்று பிரித்தே சொல்கிறேன். (ரங்கூன் நண்பர்கள் பொறுத்துக்கொள்ளவும். அங்கே 2003 முதல் நகருக்குள் மோட்டார் சைக்கிளுக்குத் தடை என்பதால் இந்தத் தலைவலி உங்களுக்குக் கிடையாது.)

நம் ஊர் மழையிலிருந்து தொடங்குகிறேன். மோல்மேனில் ஓராண்டில் 4,500 மில்லிமீட்டருக்கு மேல் பெய்கிறது. சென்னை ஆண்டு முழுவதும் பார்க்கும் மழையைப் போல மூன்று மடங்கு. மே நடுவிலிருந்து அக்டோபர் வரை காற்றே ஈரத்துணியாக இருக்கும். தண்ணீர் நேரே ஊற்றினால்தான் கப்ளர் நனையும் என்பதில்லை. ஓடும்போது இன்ஜின் சூட்டில் கப்ளருக்குள் இருக்கும் காற்று விரிந்து வெளியே போகும். மழையில் சட்டென்று குளிரும்போது வெளிக்காற்றை உள்ளே இழுக்கும், அதோடு ஈரமும் போகும். போதாக்குறைக்கு ஏப்ரலில் திஞ்சான், பர்மியப் புத்தாண்டுத் தண்ணீர்த் திருவிழா. ஆற்றங்கரையில் குழாய் போட்டு நம்மீது அடிக்கும் தண்ணீர் சால்வீன் முகத்துவாரத்துத் தண்ணீர். கோடையில் கடலேற்றத்தோடு உப்பும் ஏறியிருக்கும். மழைநீர் காய்ந்தால் போய்விடும். உப்பு போகாது. உள்ளேயே தங்கி, காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். திஞ்சானில் ஆடிய வண்டி ஜூன் மாதம் நிற்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். ஓட்டி வந்தவர் மழையைத்தான் திட்டுவார்.

நீங்கள் பார்த்த பச்சைக்குத் தமிழில் களிம்பு என்று பெயர். உயிரோடு ஒட்டிய ஆணவ மலத்துக்குச் 'செம்பில் களிம்பு' என்று சைவ சித்தாந்தத்தில் உவமை சொல்வார்கள், கோவில் வகுப்பில் கேட்டிருப்பீர்கள். புண்ணுக்குப் பூசும் மருந்துக்கும் களிம்பு என்றே பெயர். களிம்புக்கு எந்தக் களிம்பு பூசலாம் என்று நீங்கள் அறியாமலே கேட்டிருக்கிறீர்கள், அந்த வேடிக்கையை ரசித்தேன். இந்தக் களிம்பு, கப்ளருக்குள் வயர் நுனியில் இருக்கும் உலோக முனைகள் எல்லாவற்றிலும் ஒரே அளவில் ஏறாது. சாவியைத் திருப்பாவிட்டாலும் பாட்டரி மின்சாரம் வந்து நிற்கும் முனைகளில்தான் அதிகம் ஏறும். ஈரத்தின் வழியாக அந்த முனையிலிருந்து எர்த் (பாட்டரி நெகடிவோடு சேரும்) முனைக்கு மிகச் சிறிய மின்னோட்டம் இரவு பகலாகக் கசியும், பாசிட்டிவ் பக்கத்துச் செம்பு கரைந்து பச்சையாகும். அதனால்தான் செல்ஃபுக்கு மின்சாரத்தைத் திறந்துவிடும் ரிலே, ஃபியூஸ் பெட்டி, சாவி சுவிட்சுக்குப் போகும் சிவப்பு வயர் ஆகியவற்றின் முனைகள் முதலில் கெடுகின்றன. ஒரு சின்ன எச்சரிக்கை: ஹோண்டா முறை வயரிங்கில் பச்சை வயர் என்பது எர்த். நம் ஊர் சீன வண்டிகளில் பலவும் அதே நிறங்களைப் பின்பற்றுகின்றன. வயர் பச்சையாக இருப்பதைக் களிம்பு என்று ஒருவர் வெட்டி எறிந்ததைக் கண்ணால் கண்டிருக்கிறேன்.

ஆனால் கண்ணுக்குத் தெரியும் பச்சையைவிடத் தெரியாத இரண்டு சங்கதிகள் அதிக வண்டிகளை நிறுத்துகின்றன. ஒன்று, பெண் முனையின் (மற்ற முனையை உள்ளே வாங்கிப் பிடிக்கும் முனையின்) பிடி தளர்ந்துபோவது. முனையில் ஸ்பிரிங் போல மடிந்திருக்கும் தகடு, பலமுறை கழற்றி மாட்டியதாலோ ஒரு முறை சூடேறியதாலோ விரிந்துவிடும். மற்றொன்று, அதிர்வு. முனைகளின் மேல் இருக்கும் வெள்ளீயப்பூச்சு மிக மெல்லியது. மேடுபள்ளத்தில் இரு முனைகளும் தலைமுடி அகலத்துக்கும் குறைவாக முன்னும் பின்னும் உரசிக்கொண்டே இருந்தால், பூச்சு துகளாகி, துகள் ஆக்சைடாகி, இரண்டுக்கும் நடுவே கருமையாகப் படியும். வெளியே பார்த்தால் முனை புதிதுபோல இருக்கும். தளர்ந்த பிடியும் இந்தக் கருமையும் சேர்ந்தால் அந்த இடத்தில் மின்தடை ஏறும். எட்டு ஆம்பியர் ஓடும் ஒரு முனையில் 0.2 ஓம் தடை வந்தால் 1.6 வோல்ட் அங்கேயே தொலையும், கிட்டத்தட்ட 13 வாட் சூடு அந்தச் சின்னப் பிளாஸ்டிக்குக்குள் பிறக்கும். இண்டிகேட்டர் பல்பு ஒன்றின் சூட்டை மூடிய பெட்டிக்குள் வைத்தது போல. சூட்டில் பிடி இன்னும் தளரும், தளர்ந்தால் சூடு இன்னும் ஏறும். ரெக்டிஃபையர் கப்ளர் உருகிப் பழுப்பாகிக் கிடப்பது இப்படித்தான். வெறும் பச்சையோடு வரும் வண்டியைப் பார்த்தால் எனக்குக் கவலை வருவதில்லை, பழுப்பைப் பார்த்தால் வரும்.

திறந்து பார்க்கும் முறைக்கு வருகிறேன். முதலில் பாட்டரியின் நெகடிவ் வயரைக் கழற்றுங்கள், கடைசியில் அதையே மாட்டுங்கள். கப்ளரை வயரைப் பிடித்து இழுக்காதீர்கள். பூட்டு நாக்கை அழுத்திக்கொண்டு உடலைப் பிடித்துப் பிரிக்க வேண்டும், வரவில்லை என்றால் தட்டை ஸ்க்ரூடிரைவரின் முனையால் நாக்கை மெல்லத் தூக்குங்கள். எங்கிருந்து தொடங்குவது? நான் எப்போதும் எர்த்திலிருந்துதான். பாட்டரியிலிருந்து சட்டத்துக்கும் இன்ஜினுக்கும் போகும் வயரின் வளைய முனையை அவிழ்த்து, அடியில் பெயின்டோ துருவோ இருக்கிறதா பாருங்கள். எர்த் கெட்டால் விளக்கு, ஹாரன், செல்ஃப் எல்லாமே தனித்தனிக் கோளாறு போல நடிக்கும். அடுத்தது ஹெட்லைட் கிண்ணத்துக்குள்ளும் கழுத்துக்குப் பின்னாலும் இருக்கும் கப்ளர்கள். ஹேண்டில் திரும்பும்போதெல்லாம் அங்கே வயர் மடங்கி நிமிர்கிறது. பிறகு இன்ஜின் சுற்றும்போது மின்சாரம் பிறக்கும் மேக்னட் காயிலிலிருந்து வரும் கப்ளர், ரெக்டிஃபையர், பிளக்குக்குப் பொறி கொடுக்கும் சிடிஐ, செல்ஃப் ரிலே, ஃபியூஸ். கண்ணாடி ஃபியூஸ் என்றால் அதைப் பிடிக்கும் கவ்விகளைத் திருகிப் பாருங்கள், பழைய வண்டிகளில் பாதி நேரம் ஃபியூஸ் நன்றாக இருக்க, கவ்வி துருப்பிடித்திருக்கும். கடைசியில், நீங்களோ முந்தைய உரிமையாளரோ ஃபாக் விளக்குக்கும் போன் சார்ஜருக்கும் முறுக்கி ஒட்டிய இணைப்புகள் இருந்தால் அவற்றை. கம்பெனி வயரிங்கைவிட இவைதான் முதலில் கெடும். இதில் எனக்கு ஐயமே இல்லை.

ஒவ்வொரு கப்ளரிலும் ஒரே பார்வையில் சில விஷயங்களைக் கவனியுங்கள்: பச்சை அல்லது வெள்ளைப் பொடி, பழுப்பான பிளாஸ்டிக், பின்னால் தள்ளப்பட்டுப் பாதி மட்டும் பொருந்தும் முனை, இருந்த இடத்திலிருந்து மறைந்தே போன ரப்பர் வளையம். பிறகு வயரை முனைக்கு அருகில் விரலால் மடக்கிப் பாருங்கள். மற்ற இடங்களில் குழைவாக இருக்கும் வயர் அங்கே குச்சி போல விறைத்திருந்தால், களிம்பு ரப்பர் உறைக்குள்ளேயே ஏறிவிட்டது என்று பொருள். உறையைச் சிறிது சீவினால் செம்பு இழைகள் கரி போலக் கறுத்திருக்கும். அதைத் துடைத்துச் சரிசெய்ய முடியாது, பளபளக்கும் செம்பு வரும்வரை வெட்டிப் புது முனை போட வேண்டும்.

கண்ணால் பார்ப்பதோடு நின்றால் பாதி வேலைதான். மல்டிமீட்டரில் ஓம் வைத்துக் கப்ளரைச் சோதிக்கும் பழக்கம் பலருக்கு உண்டு, அது ஏமாற்றும். பத்து இழையில் ஒன்பது அறுந்து ஒன்று மட்டும் ஒட்டியிருந்தாலும் மீட்டர் 'நன்று' என்று காட்டும், ஏனென்றால் மீட்டர் அனுப்புவது கொசு அளவு மின்னோட்டம். சுமை ஓடும்போது அளக்க வேண்டும். விளக்கைப் போட்டுவிட்டு, மீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து, கப்ளரின் இரு பக்கமும் ஒரே வயரில் மீட்டரின் கூர்முனைகளைப் பின்பக்கத்திலிருந்து செருகுங்கள். வயர் உறையைக் குத்தாதீர்கள், அந்த ஓட்டை அடுத்த மழையின் வாசல். 0.1 வோல்ட்டுக்குள் காட்டினால் நல்ல இணைப்பு. 0.3 தாண்டினால் நான் யோசிக்காமல் பிரித்துவிடுவேன். இது என் கடை வழக்கம், எழுதிய சட்டம் இல்லை. எர்த்துக்கும் இதே சோதனைதான்: செல்ஃபை அழுத்தியபடி பாட்டரி நெகடிவுக்கும் இன்ஜின் உடலுக்கும் இடையே அளந்தால் 0.2 அல்லது 0.3 வோல்ட்டுக்கு மேல் வரக்கூடாது.

உங்கள் வண்டிக்கு இன்னொரு அளவு மிக முக்கியம். இன்ஜினை நடுத்தர வேகத்தில் ஓடவிட்டு, ரெக்டிஃபையரின் பாட்டரி வயரில் எவ்வளவு, பாட்டரி முனையில் எவ்வளவு என்று இரண்டையும் குறியுங்கள். பாட்டரியில் 13.5 முதல் 14.5 வரை இருந்தால் சார்ஜ் ஆகிறது. ரெக்டிஃபையரில் 14.2 இருந்து பாட்டரியில் 13 மட்டுமே இருந்தால், அந்த 1.2 வோல்ட் வழியில் எங்கோ திருடு போகிறது. அப்போது புது ரெக்டிஃபையர் போட்டாலும் பழைய கதைதான் நடக்கும். மேக்னட் காயில் வயர்களை அளக்கும்போது மீட்டரை ஏசியில் வையுங்கள். மூன்று மஞ்சள் வயர் வரும் வண்டி ஒரு வகை. பழைய சிறு வண்டிகளில் சார்ஜுக்கு வெள்ளையும் விளக்குக்கு மஞ்சளும் தனித்தனியாக வரும். உங்களுடையது இரண்டாவது வகை என்றால், ஐட்லிங்கில் ஹெட்லைட் மங்குவது கோளாறே இல்லை. அந்த விளக்கு பாட்டரியிலிருந்து எரியவில்லை, இன்ஜின் சுற்றும் வேகத்துக்கு ஏற்பத்தான் எரியும். அதே வகையில் ரெக்டிஃபையரின் எர்த் கெட்டால் நேர்மாறாக வோல்ட் எகிறிப் பல்பு பல்பாகப் போகும்.

சுத்தம் செய்வதில் நம் வீட்டு அறிவு ஒரு பொறி. குத்துவிளக்கைப் புளி போட்டுத் தேய்த்தால் தங்கம் போல மின்னும் என்பதால், முனைகளையும் புளியோ எலுமிச்சையோ உப்பு சேர்த்துத் தேய்க்கலாம் என்று எண்ணுகிறார்கள். தொழில் கற்ற காலத்தில் நானும் செய்தேன். பச்சை மறைந்தது, சயாவிடம் காட்டிப் பெருமைப்பட்டேன். அவர் ஒன்றும் சொல்லாமல் அந்தக் கப்ளரை ஆணியில் மாட்டிவைத்து, இரண்டு வாரம் கழித்து எடுத்துக் காட்டினார். முன்னைவிட அதிகப் பச்சை. விளக்கைத் தேய்த்த பிறகு குடம் குடமாகத் தண்ணீர் விட்டுக் கழுவித் துடைக்கிறோம். வயரை நெருக்கிப் பிடித்திருக்கும் முனையின் இடுக்கில் புகுந்த புளிப்பையும் உப்பையும் எப்படிக் கழுவுவது? பாட்டரி முனையில் வரும் வெள்ளைப் பொடிக்கு மட்டும் சமையல் சோடாவைத் தண்ணீரில் கரைத்து ஊற்றலாம், அங்கே இருப்பது அமிலம் என்பதால் அது பொருந்தும். கப்ளருக்குக் கான்டாக்ட் கிளீனர் ஸ்பிரே, மெல்லிய பல்துலக்கி தூரிகை, பிறகு நன்றாக உலரவிடுதல் போதும். ஸ்பிரே கிடைக்காவிட்டால் ஐசோபுரொபைல் ஆல்கஹால். பெட்ரோலால் கழுவுவது ரப்பர் வளையங்களை ஊதவைக்கும், தீப்பொறி பட்டால் வண்டியே போகும். உப்புத்தாள் கொண்டு தேய்க்கவும் வேண்டாம். வெள்ளீயப்பூச்சு போய்ப் பித்தளை வெளியே வந்துவிட்டால் அந்த முனை இந்த மழையைத் தாண்டாது. முனைகள் மலிவு, மாற்றிவிடுங்கள். தட்டை முனைகளில் அதிகம் புழங்குபவை 6.3, 2.8 மில்லிமீட்டர் அகலம். ஜப்பான் முறைப் புல்லட் முனை 3.9 மில்லிமீட்டர். பழையதைக் கையில் எடுத்துக்கொண்டு போய்ப் பொருத்திப் பார்த்து வாங்குங்கள்.

புது முனையை நெருக்கிப் பிடிக்கும்போது முன் இறகுகள் செம்பையும் பின் இறகுகள் ரப்பர் உறையையும் பிடிக்க வேண்டும். பலர் குறட்டால் ஒரே நசுக்காக நசுக்கிவிட்டு மேலே ஈயப்பற்று வைக்கிறார்கள். ஈயம் இழைகளுக்குள் ஓடி வயரை விறைக்கச் செய்யும், அந்த விறைப்பு முடியும் இடத்தில் அதிர்வில் முறியும். பற்றுவைத்து இருபது ஆண்டு ஓடிய வண்டியும் உண்டு என்று சிலர் வாதாடுவார்கள், உண்மைதான். வயரை நன்றாகக் கட்டி அசையாமல் வைத்திருந்தால் ஓடும். என் ஓட்டு சரியான கருவியால் நெருக்கிய முனைக்கும், உள்ளே பசை பூசிய, சூட்டில் சுருங்கும் குழாய்க்கும்.

இப்போது கிரீஸ். சிலிகான் டைஎலக்ட்ரிக் கிரீஸைத்தான் நான் பயன்படுத்துகிறேன். அது மின்சாரத்தைக் கடத்தாது. அதனால் இணைப்பு கெடும் என்ற பயம் வேண்டாம். முனைகள் இறுக்கமாகப் பொருந்தும்போது தொடும் இடத்திலிருந்து அது தானே பிதுங்கி விலகிவிடும், சுற்றிலும் தங்கி ஈரத்தைத் தடுக்கும். ஆனால் பிடி தளர்ந்த முனையில் பிதுக்க அழுத்தம் ஏது? அங்கே கிரீஸ் கெடுதல்தான் செய்யும். ஆகவே முதலில் சுத்தம், பிறகு பிடி, பிறகுதான் பூச்சு, அதுவும் மெல்லியதாக. சுவிட்சுக்குள் பொறி பறக்கும் தொடுமுனைகளில் சிலிகானைப் பூசாதீர்கள், பொறியில் அது கடத்தாத பொடியாக மாறும். செம்புத்தூள் கலந்த பசையைப் பல முனைக் கப்ளரில் பூசினால் பக்கத்து முனைக்கும் மின்சாரம் பாலம் போட்டுவிடும். வாசலின் பாட்டரி முனைக்கு நல்லது, மலிவு. சூடான இடத்துக் கப்ளரில் அது உருகி ஓடிவிடும், சில வகை ரப்பரை ஊதவும் வைக்கும் என்பதால் அங்கே நான் பூசுவதில்லை. அவசரத்துக்கு ஒரு மழைக்காலம் ஓட்டியவர்களும் இருக்கிறார்கள். டபிள்யூடி-40 தண்ணீரை விரட்டப் பிறந்தது, நனைந்து நின்ற வண்டியை வீடு சேர்க்க உதவும். அதன் படலம் நீண்ட காலக் காப்பு ஆகாது.

கப்ளரைச் சுற்றி இன்சுலேஷன் டேப்பை இறுக்கிச் சுற்றும் வழக்கத்தை விட்டுவிடுங்கள். ஈரம் எப்படியும் உள்ளே போகும், டேப் அதை வெளியேற விடாது, வெயிலில் பசை வேறு ஒழுகும். கண்ணாடித் தொட்டி ஒட்டும் சிலிகான் பசையால் அடைப்பது அதைவிட மோசம். புளித்த வினிகர் வாடை வரும் வகை, இறுகும்போது அசிட்டிக் அமிலத்தை விடும், செம்பைத் தின்னும். கப்ளரின் வயர்ப் பக்கம் கீழ்நோக்கி இருக்கும்படி வையுங்கள். அதற்கு முன்னால் வயர் ஒரு தொங்கல் வளைவு எடுத்து வந்தால், வயரில் வழியும் தண்ணீர் வளைவின் அடியிலேயே சொட்டிவிடும், உள்ளே போகாது. வண்டி கழுவும் கடையில் அழுத்தக் குழாயை ஹெட்லைட்டுக்குப் பின்னாலும் சீட்டுக்கு அடியிலும் காட்ட வேண்டாம் என்று முன்பே சொல்லிவிடுங்கள்.

உங்கள் வண்டியைப் பற்றிய என் ஊகம்: செல்ஃப் இழுக்காததற்கும் விளக்கு மங்குவதற்கும் சார்ஜ் வழியிலோ எர்த்திலோ ஒரு சூடான கப்ளர் காரணமாக இருக்கலாம். ஓட்டத்தில் அணைந்து ஆறியதும் எடுப்பதற்குச் சாவி சுவிட்ச் கப்ளரைச் சந்தேகிக்கிறேன். இன்ஜினை ஐட்லிங்கில் விட்டு ஹேண்டிலை இரு பக்கமும் முழுவதும் திருப்புங்கள், கழுத்துக் கப்ளர்களை ஒவ்வொன்றாக அசையுங்கள். எதில் இன்ஜின் தடுமாறுகிறதோ அதைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஆனால் சூட்டில் கெடும் சிடிஐயும், அதற்குப் பொறியின் நேரத்தைச் சொல்லும் பல்சர் காயிலும் இதே ஆட்டம் ஆடும். பெட்ரோல் டேங்க் மூடியின் காற்று ஓட்டை அடைத்திருந்தாலும் இப்படித்தான் நிற்கும். அடுத்த முறை நின்றதும் மூடியைத் திறந்து பாருங்கள், 'உஸ்' என்று காற்று இழுத்து வண்டி உடனே எடுத்தால் வயரிங்கைப் பிரிக்கவே வேண்டாம். அளந்த வோல்ட்டுகளை எழுதி இங்கே போட்டால் மேலே சொல்கிறேன். மெக்கானிக்கிடம் பழைய ரெக்டிஃபையரைத் திருப்பிக் கேட்டு வாங்கி வையுங்கள். அது நல்லதாகவே இருக்கலாம்.